இரவு வார்டை மூடுகிறார்கள், யாரைச் சேர்த்துக்கொண்டு போராடுவது?

கேள்வி: நான் ஒரு சிறு நகரத்து அரசு மருத்துவமனையில் பதினேழு ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். ஊழியர் சங்கத்தில் இணைச் செயலாளர். சிக்கன நடவடிக்கை என்று போன மாதம் ஓர் ஆணை வந்தது. இரவு எட்டு மணிக்கு மேல் அவசரப் பிரிவும் பிரசவ வார்டும் இயங்காது. ஓய்வு பெற்றவர்களின் இடங்கள் நிரப்பப்படாது. துப்புரவு, சலவை வேலைகள் தனியார் ஏஜென்சிக்குப் போகின்றன. எல்லாம் மூன்று மாதத்தில் அமலாகுமாம். அடுத்த பெரிய மருத்துவமனை நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பதினொரு கோரிக்கைகளோடு நோட்டீஸ் அடித்து வாயிற்கூட்டம் போட்டோம். நாற்பது பேர் வந்தார்கள், எல்லாரும் ஊழியர்கள். வெளிநோயாளி வரிசையில் நின்ற ஓர் அம்மாவிடம் நோட்டீஸ் கொடுத்தேன். வாங்கிப் படித்துவிட்டு, "உங்க சம்பளப் பிரச்சினைக்கு நாங்க எதுக்கும்மா நிக்கணும்?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. சங்கத்தில் மூத்தவர்கள் காலவரையற்ற வேலைநிறுத்தம் என்கிறார்கள். இளையவர்கள் பயப்படுகிறார்கள். வேலைக்கு ஆபத்து வந்துவிடும் என்று வீட்டில் கணவர் கவலைப்படுகிறார். இப்படிப்பட்ட போராட்டங்கள் எங்காவது ஜெயித்திருக்கின்றனவா? பொதுமக்களை எப்படிச் சேர்ப்பது? நோட்டீசை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் அந்த அம்மாவின் கேள்வியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அவர் மேல் வருத்தப்படாதீர்கள். நீங்கள் கொடுத்த நோட்டீசை ஒழுங்காகப் படித்துவிட்டுத்தான் அவர் அப்படிக் கேட்டிருக்கிறார். முதல் கோரிக்கை நிலுவைப் படி. இரண்டாவது ஊதியத் திருத்தம். மூன்றாவது பதவி உயர்வுப் பட்டியல். இரவு வார்டு ஒன்பதாவது இடத்தில் இருக்கிறது, அதுவும் "பணி நேர மாற்றத்தைக் கைவிடுக" என்ற அலுவலக மொழியில். ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பேத்திக்கு மூச்சுத் திணறினால் இந்தக் கதவு பூட்டியிருக்கும் என்று அந்தத் தாளில் எங்கேயும் இல்லை. அவருக்கு எப்படித் தெரியும்?

இதை உங்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. இதே தவறை நான் செய்திருக்கிறேன், அதன் விலையையும் பார்த்திருக்கிறேன். இருபது வருடங்களுக்கு முன் வேறொரு மருத்துவமனைச் சங்கத்துக்குச் சட்ட ஆலோசகராக இருந்தபோது, பதினான்கு கோரிக்கை கொண்ட பட்டியலை வரைந்து கொடுத்தது நான்தான். எல்லாருடைய குறையும் இடம்பெற வேண்டும், யாரும் விட்டுப்போகக் கூடாது என்று நினைத்தேன். பேச்சுவார்த்தை மூன்று நாள் நடந்தது. எதிர்த்தரப்பு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, செலவு குறைந்த மூன்றுக்குச் சம்மதித்தது. சீருடைப் படி, விடுப்புக் கணக்கு, ஒரு முன்பணம். சங்கம் வெற்றி என்று அறிவித்தது. அடுத்த மாதம் குழந்தைகள் வார்டு மூடப்பட்டது. அங்கே பத்தொன்பது கட்டில்கள் இருந்தன. கட்டில்களை லாரியில் ஏற்றும்போது தடுக்க ஊர்க்காரர் ஒருவர்கூட வரவில்லை. வருவதற்கு நாங்கள் ஒரு காரணமும் கொடுத்திருக்கவில்லை.

அதிலிருந்து என்னிடம் வரும் எந்தச் சங்கத்துக்கும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். வெட்டு விழும் இடத்தில் வேலை செய்கிறவரும் அதைப் பயன்படுத்துகிறவரும் ஒரே கோரிக்கைக்குக் கீழ் வந்தால்தான் அரசு திரும்பிப் பார்க்கும். உங்கள் விஷயத்தில் அந்தக் கோரிக்கை ஒரே வரி: இரவு வார்டு திறந்திருக்க வேண்டும், அதற்கு வேண்டிய ஆட்கள் இருக்க வேண்டும். காலிப் பணியிடமும் துப்புரவுப் பணியாளர் பிரச்சினையும் அந்த ஒரு வரிக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. படி, ஊதியத் திருத்தம், பதவி உயர்வு எல்லாம் நியாயமானவை. அவற்றை விட்டுவிடச் சொல்லவில்லை. அவற்றுக்கான மனுவைத் தனியாக, வழக்கமான வழியில் கொடுங்கள். இந்த மூன்று மாதத்துக்கு ஊருக்குள் போகும் துண்டறிக்கையில் அவை வேண்டாம். சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னால் எதிர்ப்பு வரும். சம்பளத்தைப் பேசுவது வெட்கமா என்று ஒருவர் கேட்பார். வெட்கமே இல்லை. ஆனால் கையில் மூன்று மாதம்தான் இருக்கிறது.

சரி, ஊரை எப்படிச் சேர்ப்பது? மேடை போட்டுப் பேசி யாரும் சேர்ந்ததாக எனக்கு நினைவில்லை. கணக்கெடுத்துச் சேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு நீண்ட நோட்டு வாங்குங்கள். அடுத்த முப்பது இரவுகள், இரவு எட்டு முதல் காலை எட்டு வரை, உங்கள் வாசலுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று எழுதுங்கள். வந்த நேரம், எந்தப் பகுதியிலிருந்து, எதில் வந்தார்கள், பொதுவாக என்ன வகை (பிரசவ வலி, விபத்து, மூச்சுத் திணறல், விஷக்கடி, காய்ச்சல்). அவ்வளவுதான். பெயர் எழுதவே கூடாது. நோயாளியின் ரகசியத்தைக் காப்பது உங்கள் தொழில் கடமை. அதில் சின்னப் பிசகு நடந்தாலும், போராட்டத்தைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் உங்கள் ஒழுங்கு நடவடிக்கையைப் பற்றித்தான் பேச்சு நடக்கும். மருத்துவமனைப் பதிவேட்டிலிருந்து எதையும் நகலெடுக்காதீர்கள். டியூட்டியில் இருப்பவர் இதை எழுத வேண்டாம். கேட்டுக்கு வெளியே, பொது இடத்தில், ஊர்க்காரர் ஒருவரும் ஓய்வு பெற்ற ஊழியர் ஒருவரும் ஒரு மேஜை போட்டு உட்காரட்டும். வருகிறவர் விரும்பினால் சொல்லட்டும்.

இப்படி ஒரு மேஜையில் நானும் ஒரு ராத்திரி உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றேகால் மணிக்கு ஒருவர் தன் மனைவியை இரு சக்கர வண்டியில் பின்னால் உட்காரவைத்து, துப்பட்டாவால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக் கூட்டி வந்தார். பிரசவ வலி. மனைவியை உள்ளே விட்டுவிட்டு வெளியே வந்தவர், மேஜையைப் பார்த்து என்னவென்று கேட்டார். இந்த வார்டை மூடப் போகிறார்கள் என்றோம். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம், "இன்னும் முப்பது கிலோமீட்டர் இப்படியே கட்டிக்கிட்டு ஓட்டியிருக்கணுமா?" என்று கேட்டுவிட்டு, நோட்டைத் தன் பக்கம் இழுத்து அவரே எழுதினார். மறுநாள் இரவு மேஜைக்கு ஆள் வேண்டும் என்றபோது முதலில் வந்து உட்கார்ந்தவர் அவர்தான். அவருக்குத் துண்டறிக்கை எதுவும் தேவைப்படவில்லை.

முப்பது இரவு முடிந்ததும் உங்கள் கையில் இருக்கும் அந்த எண்ணிக்கைதான் போராட்டத்தின் அடித்தளம். ஆணையைப் போட்டவர்களிடம் மிச்சமாகும் பணத்தின் கணக்கு இருக்கும். அந்தச் செலவு எங்கே போய் விழுகிறது என்ற கணக்கு இருக்காது. சிக்கன நடவடிக்கையில் பல சமயம் செலவு மறைவதில்லை, இடம் மாறுகிறது. மருத்துவமனையின் இரவு ஷிப்ட் செலவு, நாற்பது கிலோமீட்டர் வண்டி வாடகையாகவும், இழந்த கூலியாகவும், தாமதத்தால் வரும் சிக்கலாகவும் வீடுகளுக்குப் போகிறது. வீடுகள் தனித்தனியாக இருப்பதால் அந்தச் சுமை கணக்கில் ஏறுவதே இல்லை. உங்கள் நோட்டு அதைக் கணக்கில் ஏற்றும்.

எங்காவது ஜெயித்திருக்கிறார்களா என்று கேட்டீர்கள். ஜெயித்திருக்கிறார்கள். ஸ்பெயினின் மாட்ரிட் மாகாண அரசு 2012 இறுதியில் ஆறு மருத்துவமனைகளின் நிர்வாகத்தையும் 27 ஆரம்ப சுகாதார நிலையங்களையும் தனியாருக்குக் கொடுக்கப் போவதாக அறிவித்தது. மருத்துவர், செவிலியர், வார்டு ஊழியர் எல்லாரும் வெள்ளைக் கோட்டுடன் தெருவுக்கு வந்தார்கள். நோயாளிகளும் அக்கம்பக்கத்துக் குடும்பங்களும் கூட வந்தார்கள். "வெள்ளை அலை" என்று அதற்குப் பெயரே ஆகிவிட்டது. மருத்துவர்கள் வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2013 மே மாதம் மேஜைகள் போட்டு, அரசு நடத்தாத ஒரு பொது வாக்கெடுப்பை அவர்களே நடத்தினார்கள். கிட்டத்தட்ட பத்து லட்சம் பேர் வாக்குப் போட்டார்கள். அந்த வாக்குக்குச் சட்ட மதிப்பு எதுவும் கிடையாது. ஆனாலும் இது ஊழியர்களின் பிரச்சினை மட்டும்தான் என்று சொல்லும் வாய்ப்பு அரசுக்கு அன்றோடு போய்விட்டது. கூடவே வழக்கும் நடந்தது. நீதிமன்றம் திட்டத்தை நிறுத்திவைத்தது, 2014 ஜனவரியில் அந்தத் தடையை நீக்க மறுத்தது. அதே நாளில் அரசு திட்டத்தைக் கைவிட்டது. சுகாதாரப் பொறுப்பு வகித்தவர் பதவி விலகினார். அறிவிப்புக்கும் வெற்றிக்கும் நடுவே பதினைந்து மாதம் ஓடியிருக்கிறது என்பதையும் பாருங்கள்.

உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது லண்டனின் லூவிஷாம். அங்கே கடனில் மூழ்கியது பக்கத்தில் இருந்த வேறொரு மருத்துவ நிர்வாகம். லூவிஷாம் மருத்துவமனை ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கடனைச் சரிக்கட்ட லூவிஷாமின் அவசர சிகிச்சைப் பிரிவையும் பிரசவப் பிரிவையும் குறைக்கப் பரிந்துரை வந்தது. 2012 நவம்பரில் மழையில் பல்லாயிரம் பேர் நடந்தார்கள். 2013 ஜனவரியில் அதைவிடப் பெரிய கூட்டம் திரண்டது. மருத்துவமனை மருத்துவர்கள், தெருவில் கிளினிக் வைத்திருக்கும் குடும்ப மருத்துவர்கள், கைக்குழந்தையோடு தாய்மார்கள் எல்லாரும் ஒரே அமைப்பின் கீழ் இருந்தார்கள். அமைச்சர் அப்படியும் ஒப்புதல் கொடுத்தார். வழக்குப் போட்டார்கள். 2013 ஜூலையில் உயர் நீதிமன்றம், அமைச்சர் தன் அதிகார வரம்பைத் தாண்டிவிட்டார் என்று தீர்ப்பளித்தது. அக்டோபரில் மேல்முறையீடும் தள்ளுபடியானது. பிரிவுகள் தப்பின. அதன் பிறகு அரசு சட்டத்தையே திருத்தி, அந்த அதிகாரத்தை 2014 இல் விரிவாக்கிக்கொண்டது. ஆகவே அமைப்பைக் கலைக்காமல் வைத்திருக்க வேண்டியிருந்தது.

இரண்டு இடத்திலும் நீதிமன்றம் வந்ததைக் கவனித்திருப்பீர்கள். வழக்கறிஞனாக ஒன்று சொல்கிறேன். நீதிமன்றம் பெரும்பாலும் கொள்கை சரியா தவறா என்று பார்ப்பதில்லை. முடிவெடுத்த முறை சரியா, அதிகாரம் இருந்ததா, கேட்க வேண்டியவர்களைக் கேட்டார்களா என்று பார்க்கும். எனவே ஆணையின் முழு நகல் உங்களிடம் வேண்டும். அதில் எந்தச் சட்டப் பிரிவைச் சொல்லியிருக்கிறார்கள், யார் கையெழுத்து, மக்களிடம் கருத்துக் கேட்டதாக ஏதாவது குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். தகவல் கேட்கும் உரிமைச் சட்டம் இருந்தால் இன்றைக்கே மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: மூடுவதால் எவ்வளவு மிச்சம் என்ற மதிப்பீடு, கடந்த மூன்று ஆண்டுகளின் இரவு நோயாளி எண்ணிக்கை, துப்புரவு ஒப்பந்தத்தின் விலை விவரம். பதில் வரத் தாமதமாகும், அதனால்தான் இன்றைக்கே என்கிறேன்.

துப்புரவு ஒப்பந்தம் என்றதும் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய ஒரு விஷயம் நினைவுக்கு வருகிறது. வாயிற்கூட்டத்துக்கு வந்த நாற்பது பேரில் துப்புரவு, சலவைப் பணியாளர்கள் எத்தனை பேர்? நீங்கள் எழுதவில்லை. அவர்கள் உங்கள் சங்கத்தில் உறுப்பினர்களா? நிரந்தர ஊழியர் சங்கங்கள் பல இடங்களில் கோட்டை விடுவது இங்கேதான். வெட்டு முதலில் விழுவது அவர்கள் மேல். அவர்கள் சத்தமில்லாமல் போனால் அடுத்த வெட்டு சுலபமாகிவிடும்.

கிரேக்கத்தில் 2013 இல் நிதி அமைச்சக அலுவலகங்களில் வேலை பார்த்த 595 துப்புரவுப் பணியாளர்களை வெளியே அனுப்பினார்கள். பெரும்பாலும் நடுத்தர வயதைத் தாண்டிய பெண்கள். வேலை தனியார் நிறுவனங்களுக்குப் போனது. பேரம் பேசும் பலம் இவர்களுக்கு என்ன இருக்கிறது என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். அவர்கள் தங்கள் சிவப்பு ரப்பர் கையுறையையே கொடியாக்கினார்கள். விரல் விரித்த சிவப்புக் கையுறை சுவரொட்டிகளில் வந்தது. அமைச்சக வாசலில் 2014 இல் கூடாரம் போட்டு மாதக்கணக்கில் இருந்தார்கள். கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள், மேல் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது, அப்படியும் எழுந்து போகவில்லை. ஆட்சி மாறி 2015 இல் அவர்களைத் திரும்ப வேலைக்கு எடுத்தார்கள். ஒரு நாட்டின் சிக்கன நடவடிக்கைக்கே எதிர்ப்பின் முகமாக நின்றவர்கள் அந்தப் பெண்கள்.

உங்கள் மருத்துவமனையின் துப்புரவுப் பணியாளர்களைக் கூட்டத்துக்கு "அழைக்க" வேண்டாம். கூட்டு நடவடிக்கைக் குழுவில் சரிபாதி இடம் கொடுங்கள். கூட்ட நேரத்தை அவர்கள் ஷிப்ட் முடியும் நேரத்துக்கு மாற்றுங்கள். செவிலியர் அறையில் கூடாதீர்கள். பதினேழு வருடமாக அந்த அறைக்குள் அவர்கள் துடைப்பத்தோடு மட்டுமே வந்திருப்பார்கள், அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேச வராது. ஊர்ப் பிரதிநிதிகளுக்கும் குழுவில் இடம் வேண்டும், தீர்மானத்தில் வாக்கு வேண்டும். பேச்சுவார்த்தைக்குப் போகும் ஐந்து பேரில் குறைந்தது இரண்டு பேர் ஊழியர் இல்லாதவர்களாக இருக்கட்டும். இது சங்கத்துக்குக் கசக்கும். பேச்சுவார்த்தை எங்கள் வேலை என்பார்கள். அன்றைக்கு என்னுடன் மேஜையில் இரு ஊர்க்காரர்கள் இருந்திருந்தால் சீருடைப் படிக்குக் குழந்தைகள் வார்டை விட்டுக்கொடுத்திருக்க முடியாது என்பதை மட்டும் அவர்களிடம் சொல்லுங்கள்.

இப்போது வேலைநிறுத்தம். மூத்தவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இப்போது காலவரையற்ற வேலைநிறுத்தம் வேண்டாம் என்றுதான் சொல்வேன். காரணம் இரண்டு.

முதலாவது சட்டம். மருத்துவமனை எந்த நாட்டிலும் அத்தியாவசியப் பணி. வேலைநிறுத்த உரிமையை மதிக்கும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் குழுக்களே, உயிருக்கு ஆபத்து வரும் பணிகளில் அதைக் கட்டுப்படுத்தலாம், அதற்கு ஈடாக நடுநிலையான சமரச ஏற்பாடு இருக்க வேண்டும் என்கின்றன. சில நாடுகளில் அரசு ஊழியருக்கு இந்த உரிமையே இல்லை. தமிழ்நாட்டில் 2003 ஜூலையில் நடந்ததை உங்கள் மூத்தவர்கள் அறிந்திருப்பார்கள். நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி ஓய்வூதியப் பலன்களில் கை வைத்ததை எதிர்த்து அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேருக்கு மேல் ஒரே வீச்சில் பணி நீக்கம் செய்யப்பட்டார்கள். அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்று அந்த ஆகஸ்டில் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது. நீதிமன்றத்தின் தலையீட்டில்தான் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். அன்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் பட்ட பாடு சாதாரணமானதல்ல. 2004 மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சி ஓர் இடமும் பெறவில்லை, அதற்குப் பிறகு அரசே பல நடவடிக்கைகளைத் திரும்பப் பெற்றது. என்றாலும் அடுத்த தேர்தல்வரை காத்திருக்கும் வசதி உங்கள் இளைய ஊழியர்களுக்கு இல்லை. ஆகவே உங்கள் பணிக்கு எந்தச் சட்டம் பொருந்தும், முன்னறிவிப்பு எத்தனை நாள், எது தடை என்பதை உள்ளூர் தொழிலாளர் வழக்கறிஞர் ஒருவரிடம் எழுத்தில் வாங்காமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

இரண்டாவது காரணம் அந்த அம்மா. இரவு வார்டை மூடாதே என்று கேட்கும் நீங்களே வார்டை மூடினால், அவர் கேள்வி இன்னும் கூர்மையாகும்.

சட்டம் எதிராக இருந்தும் வென்ற வேலைநிறுத்தங்கள் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் 2018 பிப்ரவரியில் பள்ளி ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அங்கே அது சட்ட விரோதம். சம்பளம் பல ஆண்டுகளாகத் தேங்கிக் கிடந்தது, மருத்துவக் காப்பீட்டுச் செலவு ஏறிக்கொண்டே போனது. அவர்கள் பள்ளிக் கதவைச் சாத்துவதற்கு முன்னால் ஒரு வேலை செய்தார்கள். பள்ளியில் கிடைக்கும் சாப்பாட்டை நம்பியிருக்கும் பிள்ளைகளுக்காக உணவுப் பொட்டலங்கள் கட்டினார்கள், வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். வேலையை நிறுத்தினால் யாருக்கு அடிபடும் என்பதை அரசு சொல்லிக்காட்டும் முன் அவர்களே யோசித்து வழி செய்துவிட்டார்கள். பெற்றோர் கூட நின்றதற்கு அது பெரிய காரணம். மாநிலத்தின் 55 மாவட்டங்களிலும் பள்ளிகள் மூடின. நடுவில் ஆளுநரும் சங்கத் தலைவர்களும் உடன்பாடு ஆகிவிட்டது, வேலைக்குத் திரும்புங்கள் என்று அறிவித்தார்கள். ஆசிரியர்கள் திரும்பவில்லை, சட்டமாகட்டும் என்று காத்திருந்தார்கள். ஒன்பது பள்ளி நாட்களுக்குப் பிறகு எல்லா மாநில ஊழியருக்கும் ஐந்து சதவீத உயர்வு சட்டமாக வந்தது. உங்கள் பேச்சுவார்த்தையிலும் இதை மறக்காதீர்கள்: வாய்மொழி உறுதியை நம்பிக் கூடாரத்தைப் பிரிக்கக் கூடாது. ஆணையை ரத்து செய்யும் இன்னோர் ஆணை கையில் வர வேண்டும்.

அதற்கு முன்னால் படிகள் இருக்கின்றன. கோரிக்கை அட்டை அணிந்து பணி செய்வது, டியூட்டி முடிந்தவர்களும் உணவு இடைவேளையில் இருப்பவர்களும் வாசலில் நிற்பது, ஊரின் ஒவ்வொரு பகுதியிலும் தெருமுனைக் கூட்டம், உள்ளாட்சி மன்றத்தில் தீர்மானம் நிறைவேற்ற வைப்பது. கடைசிப் படியாக ஒருநாள் அடையாள வேலைநிறுத்தம், அதுவும் சட்ட ஆலோசனைக்குப் பிறகு. அப்படி ஒரு நாள் வந்தால், அவசரப் பிரிவிலும் பிரசவ வார்டிலும் அன்று யார் யார் டியூட்டியில் இருப்பார்கள் என்ற பட்டியலை முந்தின நாளே நீங்கள் வாசலில் ஒட்டுங்கள். வழக்கமான நாளில் இருவர் என்றால் அன்று மூவரைப் போடுங்கள்.

"காசில்லை, என்ன செய்வது?" என்று பேச்சுவார்த்தையில் கட்டாயம் சொல்வார்கள். நாட்டின் பொருளாதாரத்தையே விவாதிக்கப் போகாதீர்கள். அந்த விவாதத்தில் அவர்கள் பெரிய பெரிய எண்களைக் கொட்டி நேரத்தைத் தின்றுவிடுவார்கள். ஆனால் செலவை வெட்டினால் எல்லாம் சரியாகும் என்பது வேதவாக்கு இல்லை என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், பயம் தெளியும். சர்வதேச நாணய நிதியத்தின் தலைமைப் பொருளியலாளராக இருந்த ஒலிவியே பிளான்ஷாரே 2013 இல் சக ஆய்வாளர் ஒருவருடன் எழுதிய கட்டுரையில், ஐரோப்பிய நெருக்கடியின் தொடக்கத்தில் செலவு வெட்டு பொருளாதாரத்தை எவ்வளவு சுருக்கும் என்பதைக் கணிப்பாளர்கள் குறைத்து மதிப்பிட்டதாகக் காட்டினார். கிரேக்கத்தின் பொருளாதாரம் அந்த ஆண்டுகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சுருங்கியது. இதை மேஜையில் சொல்ல வேண்டியதில்லை. மேஜையில் கேட்க வேண்டியது: இந்த வார்டை மூடி மிச்சம் எவ்வளவு, ஏஜென்சிக்குக் கொடுப்பது எவ்வளவு, இந்த நோட்டில் இருக்கும் இத்தனை பேர் இனி எங்கே போவார்கள்?

தோல்விகளையும் மறைக்காமல் சொல்கிறேன். கிரேக்கத்தில் 2015 ஜூலையில் சிக்கன நிபந்தனைகளுக்கு எதிராக அறுபத்தொரு சதவீதம் பேர் வாக்களித்தார்கள். சில நாட்களில் அதே அரசு கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைகளுக்குச் சம்மதித்தது. போர்ச்சுகலில் 2012 செப்டம்பர் 7 அன்று, தொழிலாளியின் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பை 11 சதவீதத்திலிருந்து 18 ஆக உயர்த்தி, முதலாளிகளின் பங்கைக் குறைக்கப் போவதாகப் பிரதமர் அறிவித்தார். ஒரு வாரத்தில், செப்டம்பர் 15 அன்று, பல நகரங்களில் லட்சக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் திட்டம் கைவிடப்பட்டது. அடுத்த மாதமே வருமான வரியைக் கடுமையாக உயர்த்தப் போவதாக அறிவித்தார்கள். ஒரு கதவு மூடினால் வேறு கதவு வழியாக வருவார்கள். நாடு முழுவதற்குமான கொள்கையை ஓர் ஊர் தனியாக மாற்றிவிட முடியாது. ஒரு வார்டைக் காப்பாற்ற முடியும். அதே ஆணையில் உங்கள் மருத்துவமனை மட்டுமா இருக்கிறது என்று பாருங்கள். வேறு ஊர்களும் இருந்தால் அங்கேயும் ஒரு நோட்டும் மேஜையும் வேண்டும், எல்லா எண்ணிக்கையும் ஒரே நாளில் வெளிவர வேண்டும்.

அரசியல் கட்சிகள் வரும். எல்லாரையும் வரவேற்று, ஒலிபெருக்கியை மட்டும் குழுவின் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கல்லெறிதல், அலுவலகப் பொருளைச் சேதப்படுத்துதல் எங்கே தலைகாட்டினாலும் அன்றைய நிகழ்ச்சியை அங்கேயே முடித்துவிடுங்கள். உங்களில் பாதிப் பேர் அரசு ஊழியர்கள், ஒரு வழக்கு போதும்.

உங்கள் கணவரின் கவலை நியாயமானது, அதை அவருடைய கோழைத்தனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒழுங்கு நடவடிக்கை வந்தால் அது பெயர் தெரிந்த ஒருவர் மேல்தான் முதலில் வரும். அதனால் எந்தக் கடிதத்திலும் உங்கள் ஒருவர் கையெழுத்து மட்டும் இருக்கக் கூடாது. எல்லா முடிவும் கூட்டத் தீர்மானமாக, தேதியோடு, வந்தவர்களின் கையெழுத்தோடு இருக்கட்டும். பத்திரிகையிடம் பேசும் வேலையை ஓய்வு பெற்றவர்களும் ஊர்க்காரர்களும் செய்யட்டும். உங்கள் நடத்தை விதிகள் அரசை விமர்சிக்கத் தடை போட்டிருக்கலாம், படித்துப் பாருங்கள். வாட்ஸ்அப் குழுவில் கோபத்தில் எழுதும் ஒரு வரி பிறகு குற்றச்சாட்டுக் குறிப்பாணையில் அப்படியே வரும். நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இன்றிலிருந்தே ஒரு பாதுகாப்பு நிதி தொடங்குங்கள். யாருக்காவது சஸ்பென்ஷன் வந்தால் அவர் வீட்டுக்கு முதல் மாதமே அரைச் சம்பளம் போய்ச் சேர வேண்டும். தைரியம் சொல்வதைவிட அந்தக் கணக்கைக் காட்டினால் இளையவர்கள் வருவார்கள். உங்கள் கணவரையும் ஒரு ராத்திரி அந்த மேஜையில் உட்காரச் சொல்லுங்கள்.

அப்புறம், அந்த அம்மா வெளிநோயாளி வரிசைக்குத் திரும்ப வருவார். மாத்திரைக்கு வருபவர் என்றால் மாதம் ஒருமுறையாவது நிச்சயம். தேடிப் பாருங்கள். புது நோட்டீசை அவர் கையில் கொடுப்பதற்கு முன், எழுதிய வாசகத்தை அவரிடம் படித்துக் காட்டி, இதில் என்ன புரியவில்லை என்று கேளுங்கள். அவர் சொல்வதை வைத்துத் திருத்திவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.

ஆணையின் முழு நகலையும் உங்கள் பணி நடத்தை விதிகளையும் எனக்கு அனுப்புங்கள். கருத்துக் கேட்பு நடந்ததா என்பதைப் பார்த்துவிட்டு, வழக்குக்கு இடமிருக்கிறதா என்று பத்து நாளில் தனியாக எழுதுகிறேன். அதற்குள் நோட்டை வாங்கிவிடுங்கள், முப்பது இரவு எண்ண வேண்டியிருக்கிறது.